நீலகிரியில் டமாக்சிஃபென் தொடங்கும் பெண்களுக்கு: கர்ப்பப்பையைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் ஒரு சின்ன மாத்திரையை எழுதித் தருவார். தினம் ஒன்று, குறைந்தது 5 வருடம். அவ்வளவு பட்ட பிறகு இதெல்லாம் ஒரு வைத்தியமா என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோத்தகிரிக்கும் கோவைக்குமாக ஏறி இறங்கி அலுத்துப்போயிருந்த எனக்கு, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்ற சொல்லே பெரிய விடுதலை. அந்த மாத்திரை கர்ப்பப்பையில் என்ன செய்யும் என்று அன்றைக்கு யாரும் சொன்ன நினைவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் டாக்டர் இல்லை. 5 வருடம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவள், நடுவில் கர்ப்பப்பையிலிருந்து ஒரு பாலிப்பை, அதாவது உட்சுவரில் வளரும் சின்னச் சதை வளர்ச்சியை, எடுத்துக்கொண்டவள். எங்கள் பக்கத்தில் புதிதாக மாத்திரை தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கு, நான் தெரிந்துகொண்ட வரையில் இங்கே பதில் எழுதுகிறேன். மலையில் இருக்கும் நமக்கு இதில் தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. மாத்திரை எழுதும் டாக்டர் பெரும்பாலும் கீழே கோவையில் இருப்பார். திடீரென்று உதிரம் கண்டால் நாம் ஓடுவது மேலே இருக்கும் மகப்பேறு டாக்டரிடம். இவர் எழுதியது அவருக்குத் தெரியாது, அவர் பார்த்தது இவருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் தபால்காரர் நீங்கள்தான்.

முதலில் அட்டையைப் பாருங்கள்

ஹார்மோன் மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை இரண்டு ஜாதி. அட்டையில் டமாக்சிஃபென் 20 மி.கி. என்று இருந்தால் இந்தக் கட்டுரை முழுக்க உங்களுக்குத்தான். லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்செமெஸ்டேன் 25 மி.கி. என்று இருந்தால் கர்ப்பப்பை பற்றிய பயம் பெரும்பாலும் வேண்டாம். அவை உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உற்பத்தியாவதையே குறைப்பவை, அதனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிப்பதில்லை. அவற்றின் தொல்லை வேறு: மூட்டு வலி, எலும்பு தேய்மானம், பிறப்புறுப்பு வறட்சி. மார்கழிக் குளிரில் காலையில் விரலை மடக்க முடியவில்லை என்று புலம்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப்பேர் லெட்ரோசோல்காரர்களாக இருப்பார்கள்.

லெட்ரோசோல் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதவிடாய் நிற்காத வயதில் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கும்போது, சினைப்பையை அடக்க 28 நாளுக்கு ஒருமுறையோ டாக்டர் சொல்லும் கணக்கிலோ ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். மழை, மண்சரிவு, பஸ் இல்லை என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். சினைப்பை விழித்துக்கொண்டால் மாத்திரை வீண். நின்றிருந்த மாதவிடாய் திரும்ப வந்தால் அன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

ஒரே மாத்திரை, மார்பில் ஒன்று, கர்ப்பப்பையில் ஒன்று

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, டமாக்சிஃபென் மார்பில் செய்வது அதுதான். புற்றுநோய் செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்காரவேண்டிய இடத்தில் துண்டைப் போட்டுவிடும். ஈஸ்ட்ரோஜன் வந்து பார்த்துவிட்டு இடமில்லாமல் போய்விடும். கர்ப்பப்பையிலோ துண்டு போட்டவரே உட்கார்ந்து, தானே ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறார். உட்சுவர் வளர்கிறது. சிலருக்குத் தடிப்பாக, சிலருக்குப் பாலிப்பாக, ஏற்கெனவே நார்க்கட்டி இருந்தால் அது பெரிதாக. மிகச் சிலருக்குப் புற்றுநோயாக.

இந்த இரட்டைக் குணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1962-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற நிறுவனத்தில் இதைத் தயாரித்தபோது தேடியது கருத்தடை மாத்திரையை. எலிகளிடம் பலித்தது. பெண்களிடமோ தலைகீழாகச் சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டிவிட்டது! பிறகு 1973-ல் அங்கே மார்பகப் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. 1988-ல் வந்த ஓர் ஆய்வில், எலியின் உடம்பில் மார்பகப் புற்றுக்கட்டியையும் கர்ப்பப்பைப் புற்றுக்கட்டியையும் வைத்து இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகக் கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது, கர்ப்பப்பைக் கட்டி வளர்ந்தது.

சரி, ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டு டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் 3 பேருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வந்தது. சாப்பிடாதவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. 50-க்குக் கீழே இருந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. 5 வருடத்தை 10 ஆக நீட்டினால் ஆபத்தும் கூடும். தராசின் மறுதட்டையும் பாருங்கள்: ஈ.ஆர். பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜனால் வளரும் வகை மார்பகப் புற்றுநோய்க்கு 5 வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த நோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இந்தக் கணக்கைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போடவேண்டாம் என்பதற்காகத்தான் இரண்டையும் சேர்த்து எழுதினேன்.

மாத்திரை தொடங்கும் வாரத்தில் செய்யவேண்டியது

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள்: மாத்திரையின் பெயர், தொடங்கிய தேதி, கடைசியாக மாதவிடாய் வந்த தேதி அல்லது நின்ற வருடம், நார்க்கட்டியோ பாலிப்போ முன்பு இருந்ததா, சர்க்கரை, பி.பி., எடை, குடும்பத்தில் யாருக்காவது கர்ப்பப்பை அல்லது பெருங்குடல் புற்றுநோய் உண்டா, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்ததுண்டா. இதை எந்த டாக்டர் முன்னால் வைத்தாலும் பாதி கேள்வி குறைந்துவிடும். நம் பக்கம் பலர் 40 வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள். அப்படியானால் அதையும் எழுதுங்கள், உட்சுவர் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை. மாத்திரைக்குப் பயந்து நல்ல கர்ப்பப்பையை முன்கூட்டியே எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அதற்காக மட்டும் எடுக்கும் வழக்கம் இல்லை.

மாதவிடாய் நின்றவர்கள் மாத்திரை தொடங்கும் முன்போ தொடங்கிய புதிதிலோ ஒருமுறை மகப்பேறு டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. ஏற்கெனவே பாலிப் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். கோத்தகிரி அரசு மருத்துவமனை, குன்னூர் லாலி மருத்துவமனை, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கூடலூர் அரசு மருத்துவமனை என்று எது பக்கமோ அங்கே போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பின்னால் ஆபரேஷன் என்று வந்தால் உதவும்.

அப்புறம், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு மாத மாத்திரையாவது கூடுதலாகக் கையில் இருக்கட்டும். குன்னூர் ரோடும் கோத்தகிரி ரோடும் ஒரே நாளில் மண் சரிந்து கிடந்த வருடங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இளவயதுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாத்திரை தொடங்கியதும் மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். நின்றுவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள், கரு தரிக்கலாம். இந்த மருந்து சிசுவுக்கு ஆகாது. ஆணுறையோ காப்பர்-டியோ பயன்படுத்துங்கள், ஹார்மோன் கருத்தடை மாத்திரை கூடாது. நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை.

திருவிழா, கல்யாணம், கோயில் என்று தூரத்தைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் சகஜம். அதுவும் ஹார்மோன்தான். ஹார்மோனால் வளரும் நோய் வந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது, 'ஒரு வேளை போட்டா என்ன ஆகிடும் அத்தை' என்றாள். ஒரு வேளையில் நிற்கிறதா அது? மூன்று நாள் விசேஷத்துக்கு ஒரு வாரம் போடுகிறார்கள்.

எது சாதாரணம், எது இல்லை

உடம்பு திடீரென்று தகதகவென்று எரிவது, இரவில் வியர்ப்பது, கூடுதலாக வெள்ளைப்படுவது இதெல்லாம் இந்த மாத்திரையோடு வருவதுதான். வெள்ளைப்படுதல் நிறமில்லாமல், நாற்றமில்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். நிறம் மாறினால் கதை வேறு.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தவர்களுக்கு ஒரு துளி ரத்தம் வந்தாலும் அது சேதிதான். சிவப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பழுப்பு, ரோஸ், டீத்தண்ணி நிறம் எல்லாம் கணக்கில் சேரும். எனக்கு வந்தது உள்ளங்கை அகலத்துக்குக்கூட இல்லாத ஒரு பழுப்புக் கறை. கொழுந்து பறிக்கப் போகும்போது கருநீலம், மெரூன் என்று அடர்நிறத் துணிதான் கட்டுவோம், உள்பாவாடையும் அதே நிறத்தில். அதில் பழுப்புக் கறை எங்கே தெரியும்? அன்று வெளுத்துப்போன ஒரு பழைய பாவாடையைக் கட்டியிருந்ததால் கண்ணில் பட்டது. அதனால் என் யோசனை, உள்ளாடை வெள்ளையிலோ வெளிர்நிறத்திலோ இருக்கட்டும். நாப்கினோ துணியோ வைப்பவர்களும் வெள்ளையாக வையுங்கள். காசு செலவில்லாத பரிசோதனை இது.

மாதவிடாய் இன்னும் வருகிறவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலோ, இரண்டு மாதவிடாய்க்கு நடுவே கறை பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ சொல்லவேண்டும். அடிவயிற்றில் விடாத வலி, கனம், வீக்கம் இவையும் அப்படியே.

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 58 வயது. ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்: "அம்மிணி, பேத்தி பெரிய மனுசி ஆன நேரம், நானும் தூரமாயிட்டேன். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுச் சீர் செய்யணும் போல!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று மாதமாக விட்டுவிட்டு வருகிறதாம், சீர் முடியட்டும் என்று இருந்தாராம். அவருக்கு டமாக்சிஃபென் நாலாவது வருடம். மறுநாளே கூட்டிக்கொண்டு போனோம். திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் கர்ப்பப்பைப் புற்றுநோய், ஆனால் முதல் நிலை. கர்ப்பப்பையை எடுத்தார்கள், அதோடு வைத்தியம் முடிந்தது. இந்த மாத்திரையால் வருபவற்றில் பெரும்பாலானவை இப்படி ஆரம்பத்திலேயே சிக்கிவிடக் காரணம், ரத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதுதான். நாம் அதை மறைத்துவைக்காமல் இருந்தால் சரி.

ரத்தம் வந்துவிட்டது, இப்போது?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதைக் கீழே இருக்கும் டாக்டரிடம் போனில் கேட்டு முடிவு செய்யலாம். வந்த தேதி, நிறம், எவ்வளவு என்பதை நோட்டில் எழுதுங்கள். சில நாளுக்குள், தள்ளினால் ஒரு வாரத்துக்குள், மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போனாலோ தலைசுற்றினாலோ காத்திருக்கவேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக்கடையில் 'உதிரம் நிற்க' என்று கேட்டு எதையும் வாங்கிப் போடாதீர்கள். ஒன்று ஹார்மோன் மாத்திரை தருவார்கள், அல்லது ரத்தக்கட்டு கரையாமல் தடுத்து உதிரத்தை நிறுத்தும் டிரானெக்சாமிக் ஆசிட் தருவார்கள். டமாக்சிஃபெனுக்கே ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் உண்டு, அதோடு இது சேர்ந்தால் இன்னும் கூடும். அசோகப்பட்டைக் கஷாயத்துக்கும் இதையே சொல்வேன். ரத்தம் நின்றாலும் நிற்கலாம், அது வந்த காரணம் உள்ளேயே இருக்கும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன், இத்தனாம் தேதியிலிருந்து ரத்தம் வருகிறது." கூட வந்த கணவரோ மகனோ பேசட்டும் என்று சும்மா இருக்காதீர்கள். ஆண்கள் 'வயித்துவலிங்க டாக்டர்' என்று தொடங்கிவிடுவார்கள்.

ஸ்கேனும் அந்த மில்லிமீட்டரும்

ஸ்கேன் இரண்டு வகை. வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்கவேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பதற்குக் காலியாக இருக்கவேண்டும். உட்சுவரைச் சரியாக அளக்க இரண்டாவதுதான் மேல். எது என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோத்தகிரியில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையம் வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போய்ச் சேர்ந்ததும் அந்த நர்ஸ், 'பாத்ரூம் போயிட்டு வந்து படுங்கம்மா' என்றார்!

அந்த ஸ்கேன் எனக்கு ரத்தம் எதுவும் வராதபோது, 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று எடுத்தது. திரும்பி வரும்போது குஞ்சப்பனை தாண்டுவதற்குள் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்துவிட்டேன். எண்டோமெட்ரியம் (கர்ப்பப்பையின் உட்சுவர்தான்) 13 மி.மீ., உள்ளே சிறுசிறு நீர்க்குமிழிகள், மேல்பரிசோதனை தேவை. மாதவிடாய் நின்றவர்களுக்கு ரத்தம் வந்தால் 4, 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். அன்று இரவு தூக்கம் இல்லை.

பிறகுதான் விளங்கியது. டமாக்சிஃபென் உட்சுவருக்கு அடியில் இருக்கும் திசுவையும் உப்ப வைத்து நீர்க்குமிழிகளை உண்டாக்குகிறது. ஸ்கேனில் அதுவும் சேர்ந்து தடிப்பாகவே தெரியும். இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்குப் போட்ட கணக்கு நமக்குப் பொருந்தாது. என் ஸ்கேன் சீட்டில் டமாக்சிஃபென் என்ற ஒரு சொல் இல்லை, ஸ்கேன் எடுத்தவருக்கு எப்படித் தெரியும்? சீட்டு எழுதும்போதே மாத்திரையின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வருடாவருடம் ஸ்கேன் எடுப்பதை மகப்பேறு மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைப்பதில்லை. வீண் பயமும் வீண் பயாப்சியும்தான் மிச்சம். ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆனால் ரத்தம் வருகிறது என்றால் ரத்தத்தை நம்புங்கள்.

பாப் ஸ்மியர் எடுத்தாச்சே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. உட்சுவரில் நடப்பதை அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

பயாப்சி, ஹிஸ்டரோஸ்கோபி

ரத்தம் வந்தால் உட்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்கவேண்டும். மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. சில நிமிடம்தான், மாதவிடாய் வலி போல் இழுத்துப் பிடிக்கும். சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது ஹிஸ்டரோஸ்கோபி. பாலிப் இருந்தால் கண்ணால் பார்த்து அதோடு எடுத்தும் விடலாம். பாலிப் குழாயில் சிக்காமல் வழுக்கிவிடக்கூடும் என்பதால் டமாக்சிஃபென்காரர்களுக்கு இதுவே பல டாக்டர்களின் தேர்வு. எனக்கு மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். காலையில் போய் மாலையில் வீடு. மயக்கம் கொடுப்பவரிடமும் மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். பெரிய ஆபரேஷன் என்றால் ரத்தக்கட்டு ஆபத்தை நினைத்துச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். திரும்ப எப்போது தொடங்குவது என்பதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொன்னது நினைவிருந்து, தொடங்கச் சொன்னது மறந்துபோனவர்கள் உண்டு.

ரிப்போர்ட்டில் சாதாரணப் பாலிப் என்று வந்தால் எடுத்ததோடு சரி, பெரும்பாலும் மாத்திரை தொடரும். உட்சுவர் மிகைவளர்ச்சி என்று வந்தால் 'அட்டிபியா' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் செல்கள் கெட ஆரம்பித்திருக்கின்றன என்று பொருள். டமாக்சிஃபெனைத் தொடர்வதா, லெட்ரோசோலுக்கு மாறுவதா, கர்ப்பப்பையை எடுப்பதா என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்கவேண்டிய இடம் அது. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் கீழே அனுப்பிவிட்டு, கிடைத்ததா என்று போன் செய்து கேளுங்கள். அனுப்பியதோடு விட்டுவிட்டு மூன்று வாரம் காத்திருந்தவள் நான்.

கர்ப்பப்பையோடு சேராத ஒன்று, ஆனால் விடமுடியாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மலை ஏறிய களைப்பு என்று நினைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து எழுதுபவரிடமும் டமாக்சிஃபெனைச் சொல்லவேண்டும். பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் போன்ற சில, இதன் வேலையைக் குறைத்துவிடும். வேறு மருந்து எழுதித் தருவார்கள்.

5 வருடம் முடிந்து மாத்திரையை நிறுத்தினாலும் கர்ப்பப்பை அன்றைக்கே பழையபடி ஆகிவிடாது. நிறுத்திய பிறகும் சில வருடங்களுக்கு ஆபத்து கொஞ்சம் தொடர்கிறது. நான் நிறுத்தி இரண்டு வருடம் ஆகப்போகிறது. நோட்டு இன்னும் பீரோவில் துணிகளுக்கு மேலே இருக்கிறது, உள்பாவாடையும் இன்னும் வெள்ளைதான்.